பனி சொல்லும் கணக்கு: துருவ ஆய்வுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துருவப் பகுதிகளில் நடக்கும் பருவநிலை ஆய்வுகளைப் பற்றிப் பல ஆண்டுகளாகப் பள்ளிகளிலும் வாசகர் கூட்டங்களிலும் பேசி வருகிறேன். இடம் மாறுகிறது, கேள்விகள் மாறுவதில்லை. அரைகுறையாகப் படித்த ஒரு செய்தி, யாரோ அனுப்பிய ஒரு காணொளி, அதிலிருந்து முளைத்த ஒரு சந்தேகம். கேட்பவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள், ஆகவே அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் உள்ள சிக்கலான பதில்களுக்கு முன்னால் உள்ளவை தேவைப்படும்.

வட துருவம், தென் துருவம் ரெண்டுமே பனிதானே? என்ன பெரிய வித்தியாசம்?

வட துருவத்தில் இருப்பது கடல். ஆர்க்டிக் பெருங்கடலைச் சுற்றி நிலங்கள் இருக்கின்றன. நடுவில் கடல்நீரே உறைந்து, சில மீட்டர் கனத்தில் மிதக்கிறது. தென் துருவத்தில் இருப்பது நிலம். அண்டார்டிகா ஏறத்தாழ 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கண்டம். அதன் மேல் சராசரியாக 2 கிலோமீட்டர் கனத்துக்குப் பனி அடுக்கடுக்காகக் குவிந்து கிடக்கிறது. வடக்கிலும் அப்படி நிலத்தின் மேல் குவிந்த பெரும்பனி ஒன்று உண்டு, அது கிரீன்லாந்தில்.

மிதக்கும் பனி, நிலத்தின் மேல் கிடக்கும் பனி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் கீழே வரும் சந்தேகங்களில் பாதி பிறக்கிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஆராய்ச்சி பண்றது யாரு? அரசாங்கமா, பல்கலைக்கழகமா?

இரண்டும் சேர்ந்துதான். கப்பல், விமானம், நிலையம், எரிபொருள், மருத்துவர் ஆகியவற்றைப் பெரும்பாலும் அரசு அமைப்புகள் தருகின்றன. என்ன கேள்வி கேட்பது, எப்படி அளப்பது என்பது பெருமளவு பல்கலைக்கழகங்களிலிருந்து வருகிறது. பனியைத் துளைத்து எடுத்துக் காலம் கணிப்பதில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகமும் பெர்ன் பல்கலைக்கழகமும் முன்னோடிகள். ஆர்க்டிக் கடல்பனியின் அன்றாடக் கணக்கை வெளியிடும் தேசியப் பனித் தரவு மையம் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அண்டார்டிகாவில் ஆளில்லாமல் இயங்கும் வானிலைக் கருவிகளை 1980 முதல் பராமரித்து வருவது விஸ்கான்சின் பல்கலைக்கழகம்.

நான் மாணவன். அங்கே போக வழி உண்டா?

உண்டு. முனைவர் பட்ட மாணவர்கள் நிறையப் பேர் போகிறார்கள். உங்கள் வழிகாட்டியின் ஆய்வுத் திட்டத்துக்கு நிதி கிடைக்க வேண்டும், பிறகு உடல் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். பல்லைக்கூட விடாமல் பார்ப்பார்கள், ஏனென்றால் குளிர்காலத்தில் அங்கே சொத்தைப் பல் வந்தால் திரும்பி வர விமானம் கிடையாது.

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், 78 டிகிரி வடக்கில், 1993-இல் தொடங்கிய ஒரு பல்கலைக்கழக மையமே இருக்கிறது. வகுப்பு தொடங்குமுன் பனிப்பிளவில் விழுந்தவரை மீட்பதற்கும், துருவக்கரடி வந்தால் துப்பாக்கியைக் கையாளுவதற்கும் பயிற்சி தருவார்கள். ஆனால் ஒன்று: துருவ ஆய்வாளர்களில் பலர் வாழ்நாளின் பெரும்பகுதியை ஆய்வகத்திலும் கணினி முன்னும்தான் கழிக்கிறார்கள். இரண்டு மாதம் பனியில் சேகரித்ததை ஆராய்ந்து முடிக்க இரண்டு வருடம் ஆகும்.

எட்டு லட்சம் வருஷத்துக்கு முன்னாடி இருந்த வெப்பம் எப்படித் தெரியும்? அப்போ தெர்மாமீட்டரே கிடையாதே!

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1952 ஜூன் மாதம், கோபன்ஹேகனில் நல்ல மழை. வில்லி டான்ஸ்கார்ட் என்ற இளம் விஞ்ஞானி தன் வீட்டுப் புல்வெளியில் ஒரு காலி பீர் பாட்டிலை வைத்து, அதன் வாயில் ஒரு புனலைச் செருகி மழைநீரைப் பிடித்தார். தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் எல்லாம் ஒரே எடை அல்ல. பெரும்பாலானவை 16 எடையுள்ளவை, ஆயிரத்தில் இரண்டு 18 எடையுள்ளவை. மழை பெய்த மேகம் குளிராக இருந்ததா, வெதுவெதுப்பாக இருந்ததா என்பதற்கேற்ப இந்த விகிதம் மாறுவதை அவர் கண்டார்.

காரணம் எளிது. வெப்பமண்டலக் கடலில் கிளம்பிய ஈரக்காற்று துருவம் நோக்கிப் போகும்போது, கனமான மூலக்கூறுகள் வழியிலேயே முதலில் மழையாக இறங்கிவிடுகின்றன. குளிர் கூடக் கூட இது அதிகமாக நடக்கும். ஆகவே துருவத்தில் விழும் பனியில் கனமான ஆக்சிஜன் எவ்வளவு குறைவோ, அந்தக் காலம் அவ்வளவு குளிர். ஆண்டுதோறும் விழுந்த பனி அடுக்காகக் கிடப்பதால், மேலிருந்து கீழே போகப் போகக் காலத்தில் பின்னால் போகிறோம். 1966-இல் கிரீன்லாந்தின் ஒரு அமெரிக்க ராணுவ முகாமில் 1,387 மீட்டர் ஆழம் வரை பனியைத் துளைத்து உருளை உருளையாக எடுத்தார்கள். டான்ஸ்கார்ட் அதைக் கேட்டு வாங்கி அளந்தபோது, கடைசிப் பனியுகம் முழுவதும் அவர் கண்முன் வந்தது.

எட்டு லட்சம் ஆண்டுக் கணக்கு அண்டார்டிகாவின் டோம் சி என்ற இடத்தில் 2004-இல் முடிந்த துளையிலிருந்து வந்தது. ஆழம் 3 கிலோமீட்டருக்கு மேல். 2025 ஜனவரியில் அதே வட்டாரத்தில் ஐரோப்பியக் குழு 2,800 மீட்டர் துளைத்து, 12 லட்சம் ஆண்டுப் பனியை எடுத்திருக்கிறது.

பனிக்கட்டிக்குள்ளே அந்தக் காலத்துக் காற்றே இருக்குன்னு சொல்றது நிஜமா?

நிஜம். பனி விழும்போது துகள்களுக்கு இடையில் காற்று இருக்கும். மேலே மேலே பனி விழுந்து அழுத்தும்போது, 50 முதல் 100 மீட்டர் ஆழத்தில் அந்த இடைவெளிகள் மூடிக்கொண்டு சின்னக் குமிழிகளாகச் சிறைப்படும். பிரெஞ்சு விஞ்ஞானி கிளோட் லோரியூஸ் 1965-இல் அண்டார்டிகாவில், துளைத்தெடுத்த பழம்பனித் துண்டு ஒன்றை மதுக் கோப்பையில் போட்டார். குமிழிகள் வெடித்து வெளியேறுவதைப் பார்த்தபோதுதான், இந்தக் காற்றையே அளக்கலாமே என்று தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார்.

அளந்தபோது தெரிந்தது இது. எட்டு லட்சம் ஆண்டுகளில் கரியமில வாயு, காற்றில் பத்து லட்சத்துக்கு 180 பங்குக்கும் 300 பங்குக்கும் இடையிலேயே ஊசலாடியது. 300-ஐத் தாண்டவே இல்லை. இன்று 420-க்கு மேல்.

வட துருவம் மட்டும் ஏன் இவ்வளவு வேகமா சூடாகுது?

1979-க்குப் பிறகு ஆர்க்டிக் பகுதி உலக சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமாகியிருக்கிறது. முக்கியக் காரணங்களில் ஒன்று நிறம். பனி போர்த்திய வெள்ளை மேற்பரப்பு சூரிய ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிறது, திறந்த கடல் பெரும்பகுதியை விழுங்குகிறது. பனி கொஞ்சம் உருகினால் கடல் கூடுதலாகச் சூடேறும். அந்தச் சூடு இன்னும் கொஞ்சம் பனியை உருக்கும். செப்டம்பர் மாதக் கடல்பனிப் பரப்பு பத்தாண்டுக்கு ஏறத்தாழ 12 சதவீதம் குறைந்து வருகிறது. 2012-இல் அது 34 லட்சம் சதுர கிலோமீட்டர் வரை இறங்கியதுதான் இதுவரை மிகக் குறைவு.

இதை நேரில் அளக்க, 2019 செப்டம்பர் முதல் 2020 அக்டோபர் வரை போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் கப்பலைப் பனியோடு உறைய விட்டு, பனி போன திசையில் மிதக்க விட்டார்கள். 1893-இல் நார்வேயின் துருவப் பயணி நான்சன் தன் ஃபிராம் கப்பலோடு செய்த அதே யுக்தி. நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் மாறி மாறிப் போய், முழு இருட்டான மாதங்களிலும் அளவெடுத்தார்கள்.

டம்ளரில் ஐஸ் உருகினா தண்ணி மட்டம் ஏறாதே. கடல் மட்டும் எப்படி ஏறும்?

டம்ளர் கணக்கு சரிதான். மிதக்கும் ஆர்க்டிக் கடல்பனி முழுக்க உருகினாலும் கடல் மட்டம் கிட்டத்தட்ட ஏறாது. ஆனால் முதல் பதிலில் சொன்ன நிலத்துப் பனி டம்ளருக்கு வெளியே இருக்கிறது. அது உருகுவது டம்ளரில் புதிதாகத் தண்ணீர் ஊற்றுவது போல. கிரீன்லாந்துப் பனி முழுவதும் கடலில் சேர்ந்தால் சுமார் 7 மீட்டர். அண்டார்டிகா முழுவதும் சேர்ந்தால் சுமார் 58 மீட்டர். அப்படி முழுவதும் உருக மிகமிக நீண்ட காலம் ஆகும். ஆனால் அதில் நூறில் ஒரு பங்கு கடலோரங்களுக்குப் போதும்.

மிதக்கும் பனிக்கும் ஒரு மறைமுகப் பங்கு உண்டு. அண்டார்டிகக் கரையோரம் பனியாறுகள் கடலில் நீண்டு, தட்டுகளாக மிதக்கின்றன. இவை பின்னால் வரும் பனியைத் தாங்கிப் பிடிக்கும் முட்டுக்கட்டைகள். 2002-இல் லார்சன் பி என்ற தட்டில் 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் சில வாரங்களில் நொறுங்கியது. டம்ளர் கணக்குப்படி அதனால் கடல் ஏறவில்லை. ஆனால் அதன் பின்னால் இருந்த பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்தன. அந்தப் பனி நிலத்துப் பனி.

அண்டார்டிகாவில் பனி கூடிக்கிட்டே இருக்குன்னு படிச்சேனே? அப்போ இதெல்லாம் பொய்யா?

நீங்கள் படித்தது இரண்டு செய்திகளில் ஒன்றாக இருக்கும். முதலாவது கடல்பனி பற்றியது. 2014-இல் அண்டார்டிகாவைச் சுற்றிய கடல்பனி 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தொட்டது, செயற்கைக்கோள் பதிவில் அதுவே உச்சம். அந்தச் செய்தி இன்றும் சுற்றுகிறது. ஆனால் 2016-இல் சட்டென்று சரிந்து, 2023 பிப்ரவரியில் 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே போய்ப் புதிய தாழ்வு கண்டது.

இரண்டாவது நிலத்துப் பனி பற்றியது, இது உண்மையான ஆய்வு. 2021 முதல் 2023 வரை அண்டார்டிகாவின் மொத்தப் பனி எடை கூடியதாக ஷாங்காயின் டோங்ஜி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் எழுதினார்கள். கிழக்குப் பகுதியில் அந்த ஆண்டுகளில் வழக்கத்தைவிட மிக அதிகமாகப் பனி பொழிந்ததே காரணம். சூடான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும் என்பதால் இதில் முரண்பாடு இல்லை. அதே ஆய்வு, அதற்கு முந்தைய பத்தாண்டில் ஆண்டுக்குச் சராசரியாக 14,000 கோடி டன்னுக்கு மேல் இழப்பு இருந்ததையும் சொல்கிறது. பகிர்ந்தவர்கள் அந்தப் பாதியை விட்டுவிட்டார்கள். மூன்று வருடத்தை வைத்து இருபது வருடத்தை மறுக்கக் கூடாது.

'உலகை முடிக்கும் பனியாறு' எப்போ இடிஞ்சு விழும்?

அந்தப் பட்டப்பெயர் பத்திரிகைகள் வைத்தது, எனக்கு அதில் உடன்பாடில்லை. பயத்தை மட்டும் தந்துவிட்டு விளக்கத்தைத் தராமல் போகும் பெயர் அது. மேற்கு அண்டார்டிகாவில் உள்ள அதன் பெயர் துவைட்ஸ், அகலம் சுமார் 120 கிலோமீட்டர். அது ஒன்று மட்டும் முழுவதும் கடலில் சேர்ந்தாலே 60 சென்டிமீட்டருக்கு மேல் கடல் ஏறும். கவலைக்குக் காரணம் அதன் தரை: கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது, உள்ளே போகப் போக இன்னும் ஆழமாகச் சரிகிறது. விளிம்பு பின்வாங்கினால் வெதுவெதுப்பான கடல்நீர் மேலும் உள்ளே இறங்க வழி கிடைக்கும்.

2020-இல் சூடான நீரால் சுமார் 600 மீட்டர் பனியைத் துளைத்து, ஐஸ்ஃபின் என்ற மெலிந்த நீர்மூழ்கி ரோபோவை உள்ளே இறக்கினார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பிரிட்னி ஷ்மிட் குழு 2023-இல் வெளியிட்ட முடிவு யாரும் எதிர்பார்த்தபடி இல்லை. அடிப்பகுதி தட்டையாக உள்ள இடங்களில் உருகல் நினைத்ததைவிடக் குறைவு. பிளவுகளிலும் படிக்கட்டு போன்ற சரிவுகளிலும் மிக வேகம். ஆகவே தேதி குறித்துச் சொல்பவரை நம்ப வேண்டாம். இது பல பத்தாண்டுகளிலும் நூற்றாண்டுகளிலும் நடக்கும் கதை.

கிரீன்லாந்து பனி உருகினா அந்தப் பக்கம்தானே கடல் ஏறணும்? தூரத்தில் இருக்கிறவங்களுக்கு என்ன?

நேர்மாறு. கிரீன்லாந்துப் பனி அவ்வளவு கனமானது, தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் இழுப்பும் குறையும், நீர் விலகிப் போகும், அழுத்தம் குறைந்த தரையும் மெல்ல எழும். விளைவு: கிரீன்லாந்தைச் சுற்றிச் சுமார் 2,000 கிலோமீட்டர் வரை கடல் மட்டம் இறங்கும். தொலைவில், குறிப்பாக வெப்பமண்டலக் கரைகளில், சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜெர்ரி மிட்ரோவிகா இதை எடுத்துச் சொல்வதில் பெரும்பங்கு வகித்தவர்.

உங்க வரைபடத்திலேயே முதலில் சூடு ஏறுது, அப்புறம்தான் கரியமில வாயு ஏறுதாமே?

கூட்டத்தில் யாராவது இதைக் கேட்டால் எனக்கு மகிழ்ச்சி, பழம்பனியில் அளந்த வெப்பத்தையும் கரியமில வாயுவையும் சேர்த்து நான் காட்டும் வரைபடத்தை உற்றுப் பார்த்திருக்கிறார் என்று பொருள். பனியுகம் முடிவதைத் தொடங்கி வைத்தது பூமியின் சுற்றுப்பாதையிலும் சாய்விலும் ஏற்பட்ட மாற்றம். அந்தச் சிறு வெப்பத்தால் கடல்கள் கரியமில வாயுவை வெளிவிட்டன, அது வெப்பத்தைப் பல மடங்காக்கியது. தொடங்கியது ஒன்று, வளர்த்தது இன்னொன்று.

அந்தத் தாமதத்தின் அளவிலும் ஒரு சிக்கல். குமிழி மூடிக்கொள்வது ஆழத்தில்தான் என்று மேலே சொன்னேன் அல்லவா? ஆகவே குமிழியில் உள்ள காற்று, அதைச் சுற்றியுள்ள பனியைவிட இளையது. பனி குறைவாகப் பொழியும் இடங்களில் சில ஆயிரம் ஆண்டுகள் இளையது. இந்த வித்தியாசத்தைக் கழிப்பதில் வந்த பிழையே பழைய கணக்குகளில் தாமதத்தைப் பெரிதாகக் காட்டியது. 2012-இல் உலகம் முழுவதிலிருந்தும் 80 பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உலக சராசரி வெப்பம் கரியமில வாயுவைப் பின்தொடர்ந்தே ஏறியிருப்பது தெரிந்தது.

வேகத்தையும் பாருங்கள். அன்று, பனியுகம் முடிந்தபோது, கரியமில வாயு 80 பங்கு கூடுவதற்கு ஏழாயிரம் ஆண்டுகள் போல ஆயின. 1958-க்குப் பிறகு 100 பங்குக்கு மேல் கூடியிருக்கிறது.

ஓசோன் ஓட்டை வழியா வெயில் வந்துதான் பனி உருகுதா?

இல்லை, அவை இரண்டு தனிப் பிரச்சினைகள். ஓசோன் குறைவதால் கூடுவது புறஊதாக் கதிர். பூமி சூடாவது கரியமில வாயு போன்றவை வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடிப்பதால். ஓசோன் குறைவு அண்டார்டிகாவைச் சுற்றும் காற்றின் வேகத்தைக் கூட்டியது என்ற அளவில் மட்டும் தொடர்பு உண்டு.

ஆனால் அந்தக் கதையைச் சொல்லாமல் விட மனமில்லை. 1974-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும், குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட குளோரின் சேர்மங்கள் ஓசோனை அழிக்கும் என்று கணக்கிட்டார்கள். அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்தில் 1950-களிலிருந்தே ஆண்டு தவறாமல் ஓசோனை அளந்து வந்தார்கள். 300 அலகுக்குப் பக்கத்தில் இருந்த வசந்தகால அளவு 200-க்கும் கீழே போனதை 1985-இல் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜோனதன் ஷாங்க்ளின் மூவரும் வெளியிட்டார்கள். செயற்கைக்கோளும் அதைப் பார்த்திருந்தது. ஆனால் அவ்வளவு குறைந்த அளவுகளைச் சந்தேகத்துக்குரியவை என்று அதன் கணினி தனியே குறித்து வைத்திருந்தது. இரண்டே ஆண்டில், 1987-இல், அந்தச் சேர்மங்களைக் கட்டுப்படுத்தும் மாண்ட்ரியல் உடன்பாடு கையெழுத்தானது. அண்டார்டிக ஓசோன் 2066 வாக்கில் மீளும் என்பது இன்றைய மதிப்பீடு.

மனுஷங்களே இல்லாத இடத்தில் மாசு எப்படி வரும்?

காற்றும் கடலும் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. பெட்ரோலில் ஈயம் கலந்த காலத்தின் தடயம் கிரீன்லாந்துப் பனியில் இருப்பதைக் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் (கால்டெக்) கிளேர் பேட்டர்சன் 1960-களில் காட்டினார். ரோமானியர் வெள்ளி உருக்கிய காலத்து ஈயம்கூட அதே பனியின் ஆழத்தில் கிடைத்திருக்கிறது. வயலில் தெளித்த டி.டி.டி. பென்குயின் உடலில் தென்பட்டதும் 1960-களில்தான். 2022-இல் நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தினர், அண்டார்டிகாவில் புதிதாக விழுந்த பனியிலேயே நுண்பிளாஸ்டிக்கைக் கண்டார்கள்.

உறைந்த மண்ணுக்குள்ளே மீத்தேன் குண்டு இருக்காமே?

சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் கனடாவிலும் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் மண்ணில் சுமார் ஒன்றரை லட்சம் கோடி டன் கார்பன் இருக்கிறது. காற்றில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. மண் இளகினால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று கரியமில வாயுவையும் மீத்தேனையும் வெளிவிடும். அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் கேட்டி வால்ட்டர் ஆந்தனி, உறைந்த ஏரியில் துளையிட்டு, வெளிவரும் மீத்தேனைத் தீ வைத்துக் காட்டுவார். ஆளுயரத்துக்கும் மேல் தீ எழும்.

ஆனாலும் 'குண்டு' என்பது தவறான சொல். ஆய்வுகள் காட்டுவது ஒரே நாளில் வெடிப்பதை அல்ல, பல பத்தாண்டுகள் நிற்காமல் கசிவதை. எந்த நாட்டின் கணக்கிலும் முறையாகச் சேராத கசிவு என்பதால் அதுவே போதுமான கவலை.

ஆராய்ச்சின்னு சொல்லி எண்ணெய் தேடத்தானே போறாங்க? ஒப்பந்தம் 2048-இல் முடியுதாமே?

1959-இல் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிக ஒப்பந்தம், அந்தக் கண்டத்தை அமைதிக்கும் அறிவியலுக்கும் ஒதுக்கியது. அதற்கு முடிவுத் தேதி கிடையாது. 1991-இன் மாட்ரிட் நெறிமுறை கனிமம் எடுப்பதைத் தடை செய்கிறது. 2048-க்குப் பிறகு அதை மறுபரிசீலனை செய்ய ஓர் உறுப்பு நாடு கோரலாம், அவ்வளவே. தடை தானாகக் காலாவதியாகாது. வடக்கே நிலைமை வேறு: ஆர்க்டிக்குக்கு இப்படி ஓர் ஒப்பந்தம் இல்லை, அங்கே எண்ணெய் எடுப்பது நடக்கவே செய்கிறது.

ஆய்வு நிலையங்கள் டீசல் எரிப்பதும், பழைய நிலையங்கள் குப்பையை விட்டுச் சென்றதும் உண்மைதான். இன்று பெரும்பாலான கழிவைத் திரும்ப எடுத்து வர வேண்டும். நோய் பரவக்கூடும் என்று பனிச்சறுக்கு வண்டி இழுத்த நாய்களையும் 1994-க்குள் வெளியேற்றிவிட்டார்கள்.

இவ்வளவு தெரிஞ்ச பிறகும் இன்னும் ஏன் அளந்துக்கிட்டே இருக்கணும்?

மேலே சொன்ன எந்தக் கண்டுபிடிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹாலியில் முப்பது வருடம் ஒரே வேலையைச் செய்யாமல் இருந்திருந்தால் ஓசோன் குறைந்தது தெரிந்திருக்காது. பனி மூன்று வருடம் கூடியதா, நாற்பது வருடம் குறைந்ததா என்பதை நீண்ட பதிவு மட்டுமே சொல்லும். அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1957-இல் தென் துருவத்திலும் அடுத்த ஆண்டு ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையிலும் கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். 1964-இல் நிதி வெட்டு வந்து, மௌனா லோவா பதிவில் சில மாதங்கள் வெற்றிடமாக நிற்கின்றன. அந்த மாதங்களை இனி யாரும் அளக்க முடியாது.

பனியின் எடையை ஈர்ப்பு மாற்றத்தால் அளக்கும் கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் 2002 முதல் 2017 வரை இயங்கின. அந்தத் திட்டத்தை வழிநடத்தியது டெக்சாஸ் பல்கலைக்கழகம். அவை ஓய்ந்து, அடுத்த இணை 2018 மே மாதம் மேலே போனது. 2019-இல் கிரீன்லாந்து 53,000 கோடி டன் பனியை இழந்தது, வழக்கமான ஆண்டைப் போல இரண்டு மடங்கு. அடுத்த இணை இரண்டு ஆண்டு தாமதமாகியிருந்தால், அந்தக் கோடை எடை போடப்படாமலே போயிருக்கும்.